தவுக்கே பெயருக்குச் சிவப்பு

காஜா பேராங், மலாக்கா
10-9-1957

அன்புள்ள பூங்காவனம் அக்காவுக்கு, தம்பி சுப்பையன் வணக்கம். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தால் எழுத்துக்கும் நிறம் வரும் என்று அன்றே சொன்னேன். வந்துவிட்டது! எங்கள் ரப்பர் கடையின் புது டைப் மெஷினில் ஒரே ரிப்பன். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. பக்கத்துக் குச்சியைத் தட்டினால் ரிப்பன் எழும்பி, அதே எழுத்து சிவப்பாக விழுகிறது! மூடியைக் கழற்றி உள்ளேயும் பார்த்துவிட்டேன்.

டைப் அடிக்கும் கிராணி கருணாகரன் சாப்பிடப் போன நேரத்தில், சுதந்திர விருந்து அழைப்பை நானே அடித்தேன். நம் குங்குமம்போல மங்களமாக இருக்கட்டும் என்று எங்கள் சீன முதலாளி தவுக்கேயின் பெயரைச் சிவப்பில் போட்டேன். கருணாகரன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"என்னா மாமா! சீனங்களுக்குச் சிவப்புல பேரு எழுதினா ஆளு செத்துட்டான்னு அர்த்தம்லா! வேலை போச்சு உங்களுக்கு."

தவுக்கே வாங்கிப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்து, "சுப்பையா, நான் இன்னும் சாகலை" என்றார்.

நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்பு. உன் கையால் நாலு வரியும் எழுது. தபால் கட்டும் நேரமாகிவிட்டது.

அக்கா, அவர் சிரித்தது மட்டும் நான் சேர்த்தது. அன்றிலிருந்து என்னிடம் பேசவே இல்லை. நாளை அவர் பெயரைக் கறுப்பில் அடித்து நீட்டப் போகிறேன்.

தம்பி,
சுப்பையன்