களையென்று பிடுங்கிய காடு

என் வீட்டு மகாராணிக்கு,

உலகத்தின் கரிப்புகையை மரத்துக்குள் பூட்டப் புறப்பட்ட உன் மாவீரன் நலம், இடுப்புதான் நலமில்லை. நீயும் பிள்ளைகளும் உன் முட்டிவலியும் சுகமா?

விளையாத வயல்களில் நாட்டுமரக் காடு வளர்க்கிறோம் அல்லவா? நேற்று எனக்குள் தூங்கிய விவசாயி விழித்து, ஒரு வயலையே களையெடுத்துக் கண்ணாடியாக்கிவிட்டான். மேற்பார்வைப் பெண் வந்தாள்.

“மாமா, இதெல்லாம் களை இல்ல. தானா முளைச்ச மரக்கன்னு.”

“அதான் பிடுங்கும்போது வரமாட்டேன்னு அடம்பிடிச்சுதாம்மா?”

அவள் திட்டவில்லை, வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனையும் மறுபடி நட்ட பிறகுதான் எனக்கு விடுப்பு. கவலைப்படாதே, ஒற்றைக் கையால் நட்டுவிடுவேன். மற்றக் கை இடுப்பைப் பிடித்திருக்கும்.

இடுப்பில் கட்ட உன் பழைய புடவை அனுப்பு; துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. வயலுக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். போனில் நலமா என்று கேட்டதும் வைத்துவிடாதே. கொஞ்சம் திட்டு. இங்கே அதற்கு ஆளில்லை.