கேட்காமல் அறிவித்தது

அங்குவிலா
கரீபியன் கடல்
23 பிப்ரவரி 1969

அன்புள்ள யூலாலி அவர்களுக்கு,

உங்கள் சந்தைக் கடைக்குச் சிங்கி இறால் கொண்டுவரும் எல்கானா எழுதுகிறேன். முழுக்க என் கையெழுத்து! இந்த வயதில் மாலை வகுப்பில் உட்கார்ந்து கற்றேன். ஒரு வரி முடிவதற்குள் ஒரு சுருட்டு தீர்ந்துவிடுகிறது.

எங்கள் தீவு இனித் தனி நாடு. பிரிட்டனைக் கேட்கவில்லை, நாங்களே அறிவித்துவிட்டோம். எந்த நாடு முதலில் 'சரி' என்னும்? அதை நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது.

இன்னொரு நல்ல செய்தி. இன்று தேவாலயத்தில் நம் கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தாயிற்று. சபையே கைதட்டியது.

உங்கள்
எல்கானா

மாரிகோ, செயின்ட் மார்ட்டின்
27 பிப்ரவரி 1969

மதிப்புக்குரிய எல்கானா,

படகுக்காரர் கார்ட்டி கடிதத்தோடு வாழ்த்தும் கொண்டுவந்தார். "எதுக்குய்யா வாழ்த்து?" என்றேன். "கல்யாணப் பொண்ணுக்கே தெரியாதா?" என்றார். சந்தையே சிரித்தது.

இறாலுக்கு விலை பேசும்போதுகூட என்னை ஒரு வார்த்தை கேட்பீர்கள். என் கணவர் காலமான நாளிலிருந்து என் வீட்டுக்கு நானே அரசாங்கம். முதலில் அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். பேச்செல்லாம் அப்புறம்.

உங்கள் எழுத்து அழகாக இருக்கிறது. அது வேறு விஷயம்.

யூலாலி

அங்குவிலா
16 மார்ச் 1969

அன்புள்ள யூலாலி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தும் வீம்பாக இருந்தேன். சொன்னதிலிருந்து பின்வாங்கினால் ஊர் சிரிக்குமே என்று பயம்.

எங்களுக்கும் இதுவரை எந்த நாடும் 'சரி' சொல்லவில்லை. 'மாட்டோம்' என்றும் எழுதவில்லை. பேசாமலிருப்பதும் ஒரு பதில்தானா?

செவ்வாய்க்கிழமை லண்டனிலிருந்து ஒரு துரை வந்தார். கூட்டத்தில் துண்டுக் காகிதங்களை வீசினார். ஒன்றைப் பிடித்து நானே வாசித்தேன்! எங்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்கள். வீசிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். "எங்கள ஒரு வார்த்த கேட்டியாய்யா?" என்று எல்லோரையும்விட நான்தான் சத்தமாகக் கத்தினேன். சாயங்காலத்துக்குள் அவரைத் துரத்தியாயிற்று. வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன்.

இன்று தேவாலயத்தில் எழுந்து நின்றேன். "அந்தம்மாவ நான் கேக்கவே இல்ல. ஓலைய வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "குடியரசையுமா?" சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

இப்போது கேட்கிறேன். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா? எந்தப் பதிலானாலும் சொல்லுங்கள். அந்த நாடுகளைப் போல மட்டும் இருந்துவிடாதீர்கள்.

எல்கானா

மாரிகோ
20 மார்ச் 1969

அன்புள்ள எல்கானா,

நேற்று விடியுமுன் உங்கள் கரையில் பிரிட்டன் சிப்பாய்கள் இறங்கினார்களாம். எதிர்த்துச் சுட ஆளில்லை, ஆடுகள்தான் எட்டிப் பார்த்தன என்று கார்ட்டி சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் நாளை இதைக் கொண்டுவருவார். சனிக்கிழமை என்னையும் கூட்டிவரச் சொன்னேன். "துப்பாக்கிக்கு நடுவுல ஒரு கிழவனப் பாக்கவா?" என்றார். "கேட்டிருக்காருய்யா. நேர்ல பதில் சொல்ல வேணாமா?" என்றேன்.

கூரை ஒழுகுகிறதா, அடுப்பு எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். நான் உட்கார ஒரு நல்ல நாற்காலி இருக்கட்டும்.

நான் வருவதை ஊரில் அறிவிக்காதீர்கள்.

உங்கள்
யூலாலி