ஐந்தாவது இடிக்கு வந்த நாய்

1997 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. மாலை 4.20 முதல் 4.52 வரை. இடி மொத்தம் பதினொன்று. ஐந்தாவது இடிக்கு ரோட்டர் எழுந்து வந்து என் வலது பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது.

அண்ணா, இதற்காகத்தான் நான் நாலு வருஷம் காத்திருந்தேன். இன்று கிடைத்துவிட்டது. நம் மோட்டார் பட்டறையில், காயில் கட்டும் பெஞ்சுக்கு அடியில், வார்னிஷ் வாசனையும் ஈர நாயின் வாசனையும் கலந்து மூக்கில் ஏற, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது, உங்களுக்கே தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் போய் ஏழு மாதம் ஆகியும் உங்கள் மேல் எனக்கிருந்த பொறாமை போகவில்லை.

நியாயப்படி ரோட்டர் என் நாய். 93 ஆவணியில் அன்னூர்ப் பக்கம் மாமா தோட்டத்திலிருந்து, தாமிரக் கம்பி வந்த அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தது நான். கணபதியில் நம் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் என் பேண்ட்டில் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. படுக்கும் முன் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, மோட்டாருக்குள் சுழலும் பாகத்தின் பெயரை வைத்ததும் நான்தான். காலை ஏழு பத்துக்குப் பால்சோறு, சாயங்காலம் தயிர்சோறு, ஞாயிற்றுக்கிழமை குளியல், காது மடலில் உண்ணி பொறுக்குவது, எல்லாம் நான். நீங்கள் செய்தது ஒன்றுமில்லை. பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. "ஏப்பா" என்பீர்கள், வாலை ஆட்டிக்கொண்டு வரும். நான் தெருமுனைவரை கேட்கிற மாதிரி "ரோட்டர்!" என்று கத்தினால், திரும்பிப் பார்த்துவிட்டு யோசிக்கும்.

நாய் மட்டுமா? மோட்டார் கொண்டுவருகிற விவசாயிகளும் அப்படித்தான். நான் டிப்ளமா, நீங்கள் பத்தாவது. ஒரு ஃபேஸ் போனதால்தான் காயில் கருகியது என்று படம் போட்டு விளக்குவேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங் தம்பி, அண்ணன் வரட்டுங்" என்பார்கள். ஒரு பெரியவர் ரோட்டரைப் பார்த்து, "ஏனுங் தம்பி, நாய் உங்களுதுங்களா அண்ணனுதுங்களா?" என்று கேட்டார். என்னுடையது என்றேன். "அதுக்குத் தெரியுமுங்களா?" என்றார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

இடி நாளில்தான் அது உச்சம். முதல் இடி கேட்டதும் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும் என்பது நம் பட்டறைச் சட்டம். நான் போய் இறக்குவேன். வெள்ளச்சி, பட்டறையோடு சேர்ந்து நமக்கு வந்த அந்தக் கிழட்டு நாய், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நுழைந்துகொண்டு எச்சில் ஒழுக நடுங்கும். யார் கிட்டப் போனாலும் உறுமும். ரோட்டர் என் ஸ்டூல் அடியிலிருந்து எழும். நடுங்காது, ஓடாது. நேரே பட்டறையைக் குறுக்காகக் கடந்து உங்களிடம் போகும். நீங்கள் எப்போதும் பெஞ்சுக்கு அடியில் இருப்பீர்கள்.

"ஏனுங்கண்ணா, அங்க என்ன பண்றீங்?"

"போல்ட் ஒண்ணு உருண்டு போச்சுடா தம்பி. தேடறேன்."

"இடி இடிச்சா மட்டும் உங்களுக்கு போல்ட் தொலையுதுங்களே!"

"மழைக்குப் பயந்து அதும் உள்ள வருதாட்டம் இருக்குது. நீ உன்ற வேலையப் பாரு."

அங்கே உங்கள் பாதத்தின் மேல் தாடையை வைத்து ரோட்டர் படுத்திருக்கும். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, இருட்டில், உங்கள் இரண்டு பேரின் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பேன். சொந்த நாய்க்குப் பயம் வந்தால் அடுத்தவனிடம் போகிறது என்றால், வளர்த்தவனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை என்று நினைத்தேன்.

விடுவேனா? பிஸ்கட் வைத்துப் பார்த்தேன். மேகம் கறுத்ததும் சங்கிலியை என் ஸ்டூலில் மாட்டிப் பார்த்தேன். ஸ்டூலையும் இழுத்துக்கொண்டு உங்களிடம் போனது. கடைசியில் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே எத்தனை நொடி, அதை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர், நாய் எழுந்த நேரம். பதினேழு மழைக்கு எழுதினேன். நாய் எழுந்த நேரம் இடியோடு ஒத்துப்போகவே இல்லை. நீங்கள் கையிலிருந்த கம்பியைக் கீழே வைக்கும் நேரத்தோடு ஒத்துப்போனது. நீங்கள் கிணற்று வேலைக்கு வெளியே போயிருந்த மூன்று நாட்களில் அது நகரவே இல்லை. வாசலில் படுத்து மழையை வேடிக்கை பார்த்தது. அந்த மூன்றையும் 'தவறான ரீடிங்' என்று எழுதி அடித்துவிட்டேன். படித்தவன் செய்கிற வேலையைப் பாருங்கள்.

பிறகு எங்கேயோ படித்தேன்: இடி நேரத்தில் நாயின் ரோமத்தில் மின்சாரம் ஏறுகிறது, அதனால்தான் அது ஈரத்தரையைத் தேடுகிறது என்று. பெஞ்சுக்கு அடியில் சிமெண்டு எப்போதும் ஈரம். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்கள் மேல் பிரியம் இல்லை, வெறும் மின்சாரம்தான் என்று நிரூபித்துவிட்டால் போதும் எனக்கு.

போன வருஷம் ஐப்பசியில் அதைச் செய்தேன். பின்வாசலில் இருக்கும் எர்த் குழிக் குழாய்க்கும் ரோட்டரின் கழுத்துப் பட்டைக்கும் நடுவே தாமிரக் கம்பி கட்டினேன். ரோமத்தில் ஏறுகிற மின்சாரம் கம்பி வழியே மண்ணுக்குள் இறங்கிவிட்டால், அது உங்களைத் தேடாது என்பது என் கணக்கு. மழை விழுந்தது. நான் கதவோரம் நோட்டோடு நின்றேன். ரோட்டர் அமைதியாகப் படுக்கவில்லை. கம்பி விறைக்க உள்பக்கமாக இழுத்தது. அடுத்த மின்னலில் உங்களைப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து எழுந்து, என்னை இடித்துக்கொண்டு, மழைக்குள் ஓடினீர்கள். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து வெட்டப் போய் இரண்டு தடவை கீழே போட்டீர்கள். இருட்டில் காயில் கட்டுகிற கை அது. மூன்றாவது தடவைதான் வெட்டினீர்கள். உள்ளே வந்ததும் என் கன்னத்தில் விட்டீர்கள் ஒரு அறை.

"அந்தக் குழாய்ல இடி எறங்குனா நேரா எங்கடா போகும்? சொல்றா, டிப்ளமா! உசுரக் கொண்டுபோய் எர்த்துல கட்டிப்போட்டு நோட்டு எழுதறானாமா!"

உங்கள் உதடு வெளுத்திருந்தது. கை அப்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தது. கோபம் என்று நினைத்தேன். நீங்கள் சொன்னது சரி என்பதால் எனக்கு இன்னும் எரிந்தது. ரோட்டர் உங்கள் குதிகாலோடு ஒட்டிக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. நாலு நாள் உங்களோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நீங்களே ஒரு டீயை என் முன்னால் வைத்து, "கோவத்த ஆத்திக் குடி" என்றீர்கள்.

மார்ச்சில் மஞ்சள்காமாலை முத்திப்போய் நீங்கள் போனீர்கள். பதினாறு நாள். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மே மாதக் கோடை மழையில் முதல் இடி. மெயினை இறக்கிவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தேன். மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன்: இனி அது என்னிடம்தானே வர வேண்டும்? வரவில்லை. பெஞ்சுக்கு அடியிலும் போகவில்லை. வாசலில் கால் நீட்டிப் படுத்து, ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தது. சோற்றுப் போசியோடு வந்திருந்த அம்மாவிடம் கத்தினேன்.

"இந்த நாய்க்கு நன்றியே இல்லீங்கம்மா. அவரு போயும் எங்கிட்ட வர மாட்டீங்குது பாருங்க."

"அது எதுக்குக் கண்ணு உங்கிட்ட வரோணும்? நீ என்ன பயந்துட்டா உக்காந்திருக்கறே?"

எனக்குப் புரியவில்லை. அம்மா போசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள். உங்களுக்கு எட்டு வயதாம். மாமா தோட்டத்தில் தென்னையில் இடி விழுந்ததாம். மரத்தடியில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை அவிழ்க்கத்தான் நீங்கள் போய்க்கொண்டிருந்தீர்களாம். இருபது அடி பாக்கி. "அன்னையிலிருந்து அவனுக்கு இடின்னா ஆகாது. கையி காலு எல்லாம் வெடவெடங்கும். அந்த நாய்க்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. 'தம்பிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்கம்மா, படிச்சவன், சிரிப்பான்'னு சொன்னான்."

எண்பதடிக் கிணற்றில் கயிற்றைப் பிடித்து இறங்குகிற ஆள். இடிக்கு ஒளிந்திருக்கிறார். அப்படி ஒளிந்த ஆள், கம்பியை வெட்ட அந்த மழைக்குள் வந்திருக்கிறார்.

ரோட்டர் உங்களிடம் பயந்து வரவில்லை. பயந்தவரிடம் வந்தது. நோட்டில் அடித்துவிட்ட அந்த மூன்று வரியும்தான் சரியான ரீடிங். அன்றோடு என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, திரும்பிவிட்டது. முன்பு நாய்க்காக உங்கள் மேல். இப்போது உங்களுக்காக நாய் மேல். ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்த எனக்குச் சொல்லாததை நாலு கால் உயிருக்குக் காட்டியிருக்கிறீர்கள். நான் சிரித்திருப்பேனா அண்ணா? சிரித்திருப்பேன். அதுதான் இன்னும் வலிக்கிறது.

இன்று மாலைக்கு வருகிறேன். முதல் இடிக்கு மெயினை இறக்கினேன். திரும்பும்போது கை பட்டு, கம்பியின் தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டர் பெஞ்சுக்கு அடியில் உருண்டது. டார்ச்சோடு நுழைந்தேன். நீங்கள் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற உயரத்தில், குறுக்குச் சட்ட இடுக்கில் ஒரு போல்ட் செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். இடது மரை, இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். நம் பட்டறைக்கு வரும் எந்த வேலைக்கும் அந்த அளவில் இடது மரை கிடையாது. எந்த மில் மெஷினில் கழற்றியதோ. தலை முழுக்க விரல் தேய்த்துத் தேய்த்து வெள்ளியாட்டம் மின்னியது.

தொலைந்தாலும் எந்த மோட்டாரும் நிற்காத போல்ட். அதைத்தான் ஒவ்வொரு இடிக்கும் தொலைத்திருக்கிறீர்கள்.

எனக்கு இடி பயம் கிடையாது. இன்றும் கிடையாது. ஆனால் அந்த போல்ட்டைப் பிடித்திருந்த கை நடுங்கியது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்த ரோட்டர் தலையைத் திருப்பியது. எழுந்தது. பட்டறையைக் குறுக்காகக் கடந்தது. நான் கூப்பிடவில்லை. நின்ற இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பாதத்தின் மேல் தாடையை வைத்தது. அது அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்ததில்லை.

அது என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேலைக்கு வந்தது. அது எனக்கு இப்போது தெரியும். தெரிந்தும் பதினோராவது இடிவரை காலை நகர்த்தவில்லை, மரத்துப்போகும்வரை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. எர்த் குழாயில் இன்னும் தொங்குகிற கம்பித் துண்டை நாளைக் காலை வெட்டி எடுப்பது.

2. நோட்டில் அடித்த மூன்று வரிகளையும் சிவப்பு மையில் திரும்ப எழுதுவது.

3. டிரம்முக்குப் பின்னால் வெள்ளச்சிக்கு ஒரு சாக்கு போடுவது. உறுமட்டும்.

4. போல்ட்டை அதே இடுக்கில் செருகி வைப்பது.

5. அடுத்த மழைக்கு அம்மா வந்து, "அங்க என்ன கண்ணு பண்றே?" என்று கேட்டால், போல்ட் ஒண்ணு உருண்டு போச்சுங்கம்மா, தேடறேன் என்று சொல்வது.