உன் கிட்டாரின் மூன்றாவது பிரிட்ஜ்

உன் கிட்டாரின் பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் தையல் மிஷின் எண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உள்ளே ஸ்பிரிங்குகளில் நீ விட்ட எண்ணெய் இன்னும் காயவில்லை.

எதிரே உன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜை நான் மாற்றப்போகிறேன் என்று கேள்விப்பட்டு, புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசலுக்கு என் வீடு தேடி வந்துவிட்டார்.

"அத அப்புடியே விட்ருங்க. கண்ணாடிப் பெட்டிக்குச் சொல்லிட்டேன். அவ போட்டோவுக்குக் கீழ வச்சிருவோம். அவ கைபட்ட சாமான், ஒரு ஸ்குரூகூடக் கழட்டக் கூடாது."

நான் ஸ்குரூ கழற்றக் கையில் வைத்திருந்த ஆலன் கீயைக் கீழே வைக்கவில்லை. "இந்தக் கிட்டாரக் கெடுத்துட்டான்னு அன்னைக்கு அவள வஞ்சது நீங்கதானேண்ணே?" என்று கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு மறந்திருக்காது. எனக்கும்தான்.

நாம் ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்த காலம். நான் பாடுவேன், பாடாத நேரத்தில் ரிதம் கிட்டார் பிடிப்பேன். மெட்டை எடுத்து வாசிக்கும் லீடு நீ. திருவிழா மேடையில் ஒரு பெண் லீடு கிட்டார் வாசிப்பதைப் பார்க்கவே கூட்டம் முன்னால் நகர்ந்து வரும். அப்போது உன் கிட்டாரில் இருந்தது பழைய பிரிட்ஜ். தந்திகள் வந்து முடிகிற அந்த இரும்புத் தகட்டை ஒரு வரிசை ஸ்குரூ பிடித்திருக்கும், பக்கத்தில் கைப்பிடிக் கம்பியாக ஒரு பார் நீட்டிக்கொண்டிருக்கும். பாரை அழுத்தினால் தந்தி தளர்ந்து நாதம் கீழே வழுக்கும், விட்டால் திரும்ப வேண்டும். ஆனால் ஒழுங்காகத் திரும்பாது. கறம்பக்குடியில் ஒரு பாட்டின் நடுவே நீ ஆசை தீர அழுத்திவிட்டாய். மிச்சப் பாட்டு முழுக்க நான் ஒரு சுருதியில் பாட, நீ ஒரு சுருதியில் வாசித்தாய்.

மேடையிலிருந்து இறங்கியதும் ஆர்க்கெஸ்ட்ரா முதலாளி சொன்னார்: "அந்தப் பாரக் கழட்டி வீட்ல வச்சிட்டு வாம்மா. ஒன் கையில கிட்டார் இருந்தாலே சனம் பாக்கும். இதெல்லாம் ஒனக்கு எதுக்கு?"

"சனம் பாக்கறதுக்கு நான் வரலண்ணே, வாசிக்க வாரேன்" என்றாய்.

பிறகுதான் பூட்டு பிரிட்ஜைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தாய். வெளிநாட்டில் ஒருவர் இதே எரிச்சலில், தந்தியைக் கழுத்து முனையில் ஒரு பூட்டும் பிரிட்ஜில் ஒரு பூட்டுமாக இறுக்கிவிட்டாராம். நழுவ இடமில்லாவிட்டால் சுருதி எங்கே போகும்? முதலில் வந்ததில் ஒரு சங்கடம். பூட்டிய பிறகு சுருதி கொஞ்சம் விலகினாலும் பூட்டைத் திறந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கும் வழி கண்டு, பிரிட்ஜிலேயே தந்திக்கொரு சின்னத் திருகு வைத்தார்கள். இதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். "அந்தாளும் கோவக்காரனாத்தான் இருப்பான்டி."

குவைத்திலிருந்து வந்த உன் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அசல் இல்லை, அதே மாதிரி செய்தது. ஆனால் அது உட்கார உன் கிட்டாரில் இடமில்லை. பார் கீழேயும் போக வேண்டும், மேலேயும் வர வேண்டும் என்றால் மரத்தைக் குடைந்தே ஆக வேண்டும். அரிமளத்தில் தெரிந்த ஆசாரியிடம் போனோம். அவர் கிட்டாரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வாத்தியத்துல உளி வைக்க மாட்டேன் தாயி."

"அப்ப உளிய மட்டும் குடுங்க" என்றாய்.

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். நீயோ கிட்டாரைப் பட்டறைப் பலகையில் கிடத்தி, பென்சிலில் கோடு போட்டு, முதல் அடியை நீயே அடித்தாய். சிவப்பு வார்னிஷ் செதில் செதிலாகத் தெறித்தது. ஆசாரி கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு "விடு தாயி, கைய வெட்டிக்குவ" என்று உளியை வாங்கிக்கொண்டு மிச்சத்தை அவரே குடைந்து கொடுத்தார். அன்று சாயங்காலம் உன் அண்ணன் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. நல்ல பொருளைப் பாழாக்கிவிட்டாளாம்.

அடுத்த மேடையில் தந்திகள் தொளதொளவென்று தொங்கும்வரை பாரை அழுத்தினாய். விட்டாய். எல்லாத் தந்தியும் அதனதன் சுருதிக்கு வந்து நின்றன. நீ வாத்தியத்தைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்த்தாய்.

அந்த பிரிட்ஜும் உன்னைச் சும்மா விடவில்லை. கீரனூரில் பாட்டு பாதியில் ஒரு தந்தி அறுந்தது. பழைய பிரிட்ஜாக இருந்தால் மற்றவை ஓரளவு தாக்குப்பிடித்திருக்கும். இது தந்திகள் ஒரு பக்கமும் ஸ்பிரிங்குகள் மறுபக்கமும் இழுக்க நடுவே நிற்பது. ஒன்று அறுந்ததும் ஸ்பிரிங் ஜெயித்துவிட்டது, மற்றவையெல்லாம் சுருதி ஏறிவிட்டன. கீபோர்டு வாசித்தவர் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நீ பாரைக் கொஞ்சம் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஏறிய சுருதியை இறக்கி, இருந்த தந்திகளை வைத்தே பாட்டை முடித்தாய். மறுநாள் "பழச மாட்டிரு" என்று முதலாளி ஆள் அனுப்பினார். நீ பின்பக்கத்தைத் திறந்து, ஒரு மரத்துண்டைச் சீவி உள்ளே செருகினாய். இனி தந்தி அறுந்தால் பிரிட்ஜ் பின்னால் சாயாது. ஆனால் நாதத்தை மேலே இழுக்கவும் முடியாது. கீழே மட்டும்தான் போகலாம். அந்தக் குறை கடைசிவரை உனக்கு இருந்தது.

வருஷங்கள் ஓடின. அந்தப் பூட்டு பிரிட்ஜ் மட்டமான இரும்பு, ஆணிமேல் சாய்ந்து நிற்கும் அதன் கூர்முனை தேய்ந்துபோய், அழுத்திவிட்டால் சரியாகத் திரும்பாமல் சண்டித்தனம் செய்தது. நீ எண்ணெய் விட்டு விட்டு ஓட்டினாய். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போனில் ஒரு வீடியோ காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? கெட்டி எஃகில் வந்திருக்கும் புது பிரிட்ஜ். தந்தியின் முனையிலுள்ள குண்டை வெட்டாமல் அப்படியே மாட்டலாம். பிரிட்ஜை வேண்டும்போது பின்னால் சாயாமல் நிறுத்திவைக்க, வேண்டாதபோது விடுவிக்க ஒரு சின்ன விசை. "மரத்துண்டே வேணாம்டி. மேலயும் போகலாம்" என்று சொன்னாய். மூச்சு வாங்கியது, கண் மட்டும் மின்னியது.

இதை உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"சாகப்போறவ அதயா பேசுனா?"

"அதத்தான் பேசுனா. ஒங்க பெட்டிக்குள்ள ஒக்கார்ற ஆளா அவ? அவ வீட்டுக்காரரு, ஒங்க மச்சான், இந்தக் கிட்டார எங்கிட்டக் குடுத்தப்ப, வாசிக்கச் சொல்லித்தான் குடுத்தாக."

அவர் நான் கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். நான் மரத்துண்டை உருவி எடுத்தேன். புதுசு வாங்கும்போது திருச்சிக் கடைப் பையன்கூட, "இப்பல்லாம் யாரு இதப் போடுறாங்கக்கா? சாதா பிரிட்ஜே போதும்னு எல்லாரும் திரும்பிட்டாங்க" என்றான். திரும்பட்டும். நான் மாட்டினேன். நீ குடைந்த பள்ளத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது.

போன மாதம் ஆலங்குடியில் கச்சேரி. அறிவிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மறைந்த நம் சகோதரியின் நினைவாக, அவரது கிட்டாரை ஏந்தி..." என்று ஆரம்பித்தார். கூட்டம் உச்சுக்கொட்டத் தயாராகிவிட்டது. நான் மைக்கை வாங்கினேன்.

"நெனவு அஞ்சலியெல்லாம் இல்லைங்க. நான் லீடு கிட்டார். பாட்ட ஆரம்பிப்போம்."

இடையிசை வந்தபோது பாரை மேலே இழுத்தேன். உன் கிட்டாரில் அந்த மரத்துண்டைச் செருகிய நாளிலிருந்து யாரும் கேட்காத உயரத்துக்கு அந்த நாதம் ஏறியது. ஸ்பீக்கர் பக்கத்தில் உன் அண்ணன் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். முடிந்ததும் மேடையோரம் வந்தார்.

"அவ வாசிச்ச மாதிரி இல்லையே?"

"இல்லண்ணே. நான் வாசிச்ச மாதிரி இருக்கும்."

"அடுத்த கச்சேரி எங்கிட்டு?" என்றார். சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, பெட்டியைப் பற்றியும் பேசவில்லை.

எனக்கு அழுகை வராமல் இல்லை. வீட்டில், வெங்காயம் நறுக்காத நேரத்திலும் வருகிறது. மேடைக்கு அதைக் கொண்டுபோவதில்லை. நீ என்னிடம் விட்டுப்போனது அமைதி இல்லை, உன் கோபம். ஒரு பெண்ணுக்கு இவ்வளவு போதும் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் காது சூடாகிவிடுகிறது. அதைத்தான் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போகிறேன். இறக்கி வைக்கச் சொல்லி யார் வேண்டுமானாலும் வரட்டும், பார்த்துக்கொள்கிறேன்.