நூற்றிருபத்தேழு இழை

9 அக்டோபர் 1995, திங்கள்

இந்த வாரமும் டயர் கிழிந்து ஆறு சைக்கிள் படுத்துவிட்டது. ஹோட்டல் விருந்தினர்கள் சுரினாம் கிராமத்து மேட்டுக் கரும்புத் தோட்டத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறி இறங்கத்தான் இந்த முப்பது சைக்கிள்களும். பாதை முழுக்கக் கருங்கல். கரும்பு வெட்டிய இடத்தில் கட்டை வேறு ஈட்டி மாதிரி நிற்கிறது. சைக்கிளோடு வந்த டயர் கடற்கரை ரோட்டுக்குத்தான் லாயக்கு.

மேனேஜர் டானியேல் கூப்பிட்டு, கல்லுக்குத் தாங்குகிற டயராகப் பார்த்து எழுதிக்கொடுங்கள், டிசம்பர் சீசனுக்குள் மாற்றிவிடலாம் என்றார். நான் பதினேழு வருடம் தறிகளோடு இருந்தவன், நெசவு மாஸ்டர். கோயம்புத்தூரிலிருந்து என்னை இந்தத் தீவுக்கு வரவழைத்த மில் மூடியதும் இங்கே ஸ்டோரில் சோப்பும் துண்டும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். இந்த ஹோட்டலில் என்னை ஒரு விஷயம் யோசிக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

12 அக்டோபர்

தலைநகர் போர்ட் லூயிஸ் கடையிலிருந்து இரண்டு மாதிரி டயர் வந்தது. ஒன்று கனம், முரட்டு ரப்பர், அங்குலத்துக்கு அறுபது இழை. மற்றது மடித்துப் பையில் வைக்கலாம், அவ்வளவு லேசு. நூற்றிருபத்தேழு இழை என்று போட்டிருந்தது. நம்பாமல், மில்லில் இழை எண்ணுகிற கண்ணாடியை வீட்டு அலமாரியிலிருந்து தேடி எடுத்துப் போய், வெட்டுமுனையில் வைத்து எண்ணினேன். பொய்யில்லை. என்ன நெருக்கம், என்ன சுத்தம்! கோயம்புத்தூரில் இப்படி ஒரு துணி தறியிலிருந்து இறங்கினால் முதலாளி பூஜை போட்டிருப்பார்.

மெக்கானிக் திருவேங்கடம் எண்ணவெல்லாம் இல்லை. இரண்டையும் எடுத்துப்போய்ப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கல்சுவரில் பத்துத் தரம் தேய்த்தான். லேசான டயரின் பக்கவாட்டில் தோல் உரிந்தது.

"சா பா போன், அண்ணா" என்றான். நல்லதில்லையாம். அவன் குடும்பம் இந்தத் தீவுக்கு வந்து நாலு தலைமுறை. கிரியோல்தான் பேச்சு, கோயிலில் பாடுகிற அளவுக்குத் தமிழ். எனக்காக அந்தத் தமிழைக் கொஞ்சம் கலந்து பேசுவான். "இது சட்டைத் துணி. ரோஷுக்கு கோணி வேணும்." ரோஷ் என்றால் பாறை.

சிரித்துவிட்டேன். நெருக்கி நெய்த துணி கிழியாதுப்பா, நான் எண்ணாத நூலா என்றேன்.

16 அக்டோபர்

நூற்றிருபத்தேழு இழை டயருக்கே ஆர்டர் படிவம் எழுதினேன். அதில் 'மெக்கானிக் பரிந்துரை' என்று ஒரு கட்டம். திருவேங்கடத்தைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை வாங்கிக்கொண்டு, லேசான டயரில் தோல் உரிந்த இடத்தை ஒருதரம் தடவிப் பார்த்தான். "அண்ணா சொன்னா சரி" என்று போட்டுவிட்டான்.

27 நவம்பர்

டயர்கள் வந்து, இரண்டே நாளில் எல்லாம் மாட்டியாகிவிட்டது. டானியேல் ஒரு சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, பிராவோ விஸ்வம் என்றார். மெர்சி, நன்றி, என்றேன். வீட்டில் மனைவி அலமுவிடம் சொன்னேன். சந்தோஷம், அப்படியே பர்மிட்டையும் ஞாபகப்படுத்துங்க என்றாள். மார்ச்சில் என் வேலை பர்மிட் முடிகிறது. ஹோட்டல் எழுதிக்கொடுத்தால்தான் மறுபடி கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் தாமரைக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம்.

14 டிசம்பர்

ஒன்பதாவது டயர். ஒன்றிலும் முள் இல்லை, ஆணி இல்லை. பக்கவாட்டில் பிளேடு போட்ட மாதிரி கீறல், அதன் வழியாக ட்யூப் கொப்புளமாகப் பிதுங்குகிறது. திருவேங்கடம் உள்பக்கம் ஜீன்ஸ் துணி வெட்டி ஒட்டுகிறான். துணி நான் மில்லிலிருந்து கொண்டுவந்த கழிவு. நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன் என்கிறான். கேட்டுத் தொலைத்தால் என்ன?

20 டிசம்பர்

இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஒரு டயரைக் குறுக்காக அறுத்துப் பார்த்தேன்.

இழை தலைமுடி மாதிரி இருக்கிறது. ஓர் அங்குலத்தில் அத்தனை இழை அடைக்க வேண்டுமென்றால் இழையை மெலிதாக்கத்தானே வேண்டும்? மெலிந்த இழைக்கு மேல் பூசியிருக்கிற ரப்பரும் மெலிசு. இது பந்தயக்காரனுக்குச் செய்தது, கனம் குறைய. பெட்டிக்குள் வந்த காகிதத்தில் இதையே பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்: பாறைக்கு அறுபது இழை வாங்கு என்று. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை நான். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

துணி தெரிந்தவன் செய்த தப்பு. துணியே தெரியாத ஒருவன் கடைக்குப் போயிருந்தால் கனமானதைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பான்.

8 ஜனவரி 1996

"மிசியே டானியேல்கிட்ட சொல்லு, அண்ணா. இறக்கத்தில ஒருத்தன் விழுவான்" என்றான் திருவேங்கடம். மார்ச் கழியட்டும் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு துணி வெட்டப் போய்விட்டான்.

26 ஜனவரி

கோயிலில் கொடி ஏறியது. பத்து நாள் விரதம். கவுச்சி கிடையாது, தரையில் படுக்கை, பொய் பேசக்கூடாது. இந்த வருடம் பர்மிட்டுக்காக நாக்கில் அலகு குத்திக்கொள்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

29 ஜனவரி

விழுந்துவிட்டான். ஜெர்மன்காரன், ஐம்பது வயது இருக்கும். கல் இறக்கத்தில் முன் டயர் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, ஆளைத் தூக்கி எறிந்திருக்கிறது. தோள் எலும்பு முறிவு, முகமெல்லாம் தையல். மனைவி வரவேற்பறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் பின்பக்க வழியாகப் போனேன்.

30 ஜனவரி

எப்படி எழுதுவது இதை.

டானியேல் எங்கள் இருவரையும் நிற்க வைத்தார். மேஜைமேல் ஆர்டர் படிவம். மெக்கானிக் பரிந்துரைத்திருக்கிறான், கையெழுத்து இருக்கிறது என்றார். திருவேங்கடம் கிரியோலில் நிதானமாகச் சொன்னான்: நான் வேண்டாமென்றேன், விஸ்வம் அண்ணாதான் எடுத்தது. டானியேல் என் பக்கம் திரும்பி, உண்மையா என்றார்.

நான் சொன்னது இது: "நான் ஸ்டோர்காரன், சார். டயர் பற்றி மெக்கானிக்கைத்தானே கேட்பேன்?"

கேள்வியாகத்தான் சொன்னேன். பொய்யே சொல்லவில்லை பார்! விரதக்காரனாச்சே. என்ன மனுஷன்டா நீ. அவன் என்னைத் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். தரையைப் பார்த்துக்கொண்டு, "கொரெக்" என்று மட்டும் சொன்னான். சரி என்று அர்த்தம்.

31 ஜனவரி

திருவேங்கடத்தை அனுப்பிவிட்டார்கள்.

2 பிப்ரவரி

புது டயருக்கு எழுதச் சொன்னார் டானியேல். அறுபது இழை, கம்பி விளிம்பு, முப்பது ஜோடி என்று எழுதினேன். மெக்கானிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

திருவேங்கடம் விஷயத்தை அலமுவுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. "அவர் பிளேன் மாக்னியன் ஊர்ல வாடகைக் கார் கழுவுற வேலைக்குப் போறாராம், ரெண்டு பஸ் மாறி" என்றாள். "நீங்க ஏதும் பேசலியா அங்க?" என்று கேட்டாள். விரதத்தில் வம்பு பேசாதே என்று எரிந்து விழுந்தேன்.

4 பிப்ரவரி, ஞாயிறு. தைப்பூசம்

ஆற்றங்கரையில் நாக்கில் வேல் குத்தினார்கள். வலிக்கவில்லை. காவடியில் பால் செம்பு கட்டி நடந்தேன். தார் ரோடு கொதித்தது. வழி நெடுக ஆட்கள் வாளியோடு நின்று, காவடி எடுப்பவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினார்கள்.

சுரினாம் திருப்பத்தில் தண்ணீர் ஊற்றிய கை திருவேங்கடத்தின் கை. மஞ்சள் வேட்டி, அதே விரதம். நான் நின்றுவிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான், நான்தான் என்று தெரிந்துகொண்டான். பிறகு குனிந்து என் இரண்டு காலிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். காவடிக்குச் செய்கிற மரியாதை அது, எனக்கில்லை. தெரியும். இருந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. நாக்கில் வேல் இருந்ததால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. பேச முடியாமல் போனதே என்று எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

மனசு சுத்தமாக இருந்தால் கோயில் போய்ச் சேரும்வரை பால் திரியாது என்பார்கள் இங்கே. சன்னதியில் குருக்கள் செம்பைத் திறந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். திரிந்திருக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும், அதன் பிறகாவது யாராவது என்னிடம் உண்மையைக் கேட்கட்டும் என்று நினைத்தேன். பால் அப்போதுதான் கறந்த மாதிரி இருந்தது. அலமு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

1 மார்ச்

பர்மிட் வந்தது. இரண்டு வருடம். அலமு பாயசம் வைத்தாள். தாமரை இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

18 மார்ச், திங்கள்

புது டயர் மாட்டி மூன்று வாரம். ஒரு கீறல் இல்லை. கல்லோ கட்டையோ, ஏறி இறங்கி வருகிறது.

இன்று பாரிஸிலிருந்து பயண ஏஜென்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். மலைப்பாதை முழுக்க ஓட்டிவிட்டு வந்து, இந்த டயரைத் தேர்ந்தெடுத்தது யார், பாறையை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றார்கள். டானியேல் என் தோளில் கை போட்டு முன்னால் தள்ளினார். இவர்தான், எங்கள் விஸ்வம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மெர்சி என்றேன். நாக்கில் இன்றைக்கு வேல் எதுவும் இல்லை.