நாலு வாசலிலும் கூவியவள்

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து போனும் கையுமாக இருக்கிறேன். இன்ஸ்டாவில் ஒருத்தி விலை கேட்கிறாள், சொன்னால் பதிலே இல்லை. ஃபேஸ்புக்கில் ஒருவர், "சிவகாசியா? வெடி கிடைக்குமா?" என்கிறார். காலண்டர் கடைங்க இது, காலண்டர்!

நானும் இவரும் ஒரே காலண்டர் கம்பெனியில்தான் இருந்தோம். நான் கம்ப்யூட்டரில் டிசைன், இவர் பைண்டிங். பைண்டிங்குக்கு மிஷின் வந்ததும் இவரை நிறுத்திவிட்டார்கள். நானும் கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். இப்போது வீட்டிலிருந்தே 'நம்ம நாள்' காலண்டர். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா திதி என்று அவரவர் வீட்டு நாளை அந்தந்தத் தேதித் தாளிலேயே அச்சடித்துக் கொடுக்கிறோம். போன வருடம் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். சொந்தத்தை வைத்து எத்தனை வருடம் ஓட்டுவது?

என் அண்ணன் இசக்கிப்பாண்டி திருப்பூரிலிருந்து மறுபடி பேசினான். பனியன் கம்பெனியில் இவருக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருக்கிறானாம். "தீபாவளி வரைக்கும் பாப்போம். ஓடலைன்னா நான் திருப்பூருக்குப் போயிருதேன்" என்றார் இவர். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"போகணும்னா போங்க, உங்க இஷ்டம்" என்றேன். என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டால் தேவலை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி பதினெட்டு. ஊரில் எல்லாக் காலண்டர் கம்பெனிகளிலும் பூஜை போட்டு அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை வெளியிட்டார்கள். நாங்கள் மட்டும் சளைத்தவர்களா? மாதிரிக் காலண்டரைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டினோம். அதே கையோடு இன்ஸ்டா, ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வெப்சைட் நாலிலும் ஒரே படம், ஒரே வாசகம்: '2026 வந்தாச்சு! முந்துங்கள்!' விளம்பரத்துக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில் பெரும்பகுதியை இன்றைக்கே கட்டிவிட்டேன். மனசு நிறைந்திருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லைக் குவிகிறது. யார் யாரென்று பார்த்தேன். அத்தனை பேரும் நம்ம ஊர் அச்சுப் பிரஸ்காரர்கள்!

ஆகஸ்ட் 9, சனி

கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி கமெண்ட் போட்டிருக்கிறாள்: 'ஆகஸ்டில் யாருங்க காலண்டர் வாங்குவாங்க?'

ஐயோ! கடைக்காரர்கள் ஆடியில் ஆர்டர் கொடுப்பார்கள், சரி. வீட்டுக்காரர்கள் எதற்கு ஆடியில் காலண்டர் தேடப் போகிறார்கள்? இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இது எனக்கு உறைக்கவில்லையே. பிறந்ததிலிருந்து ஆடி பதினெட்டு என்றால் புது காலண்டர் என்றே பழகிவிட்டது. விளம்பரத்துக்குக் கட்டிய பணமெல்லாம் போச்சு.

அழுதுவிட்டேன். இவர் திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "நம்மூருல மட்டுந்தான், லட்சுமி, ஆடியில வருசம் பொறக்குது. விடு" என்று தலையில் கை வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

விருதுநகரிலிருந்து தங்கச்சி பானுப்பிரியா வந்திருந்தாள். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, நாலு வாசல்லயும் நின்னு ஒரே கூவலா கூவுறியே? உள்ள இருக்கிறது யாருன்னு பாக்க வேணாமா?" என்றாள்.

உட்கார்ந்து பார்த்தோம். ஃபேஸ்புக்கில் இருப்பது சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள். கப்பலில் போகிற சரக்கு என்பதால் அவர்களிடம் இப்போதே சொல்ல வேண்டும். இன்ஸ்டாவில் கைக்குழந்தைக்காரிகள். குழந்தையின் முதல் பிறந்தநாள் தாளைத்தான் அவர்களுக்குக் காட்ட வேண்டும், அதுவும் கார்த்திகையில். வாட்ஸ்அப்பில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகள். அவர்களிடம் இரண்டே வரி போதும். வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் விலை பார்க்கத்தான் வருகிறார்கள். எதில் கேட்டாலும் விலை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்த நாளில் எதில் என்ன போடுவது என்று எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று.

செப்டம்பர் 26, வெள்ளி

மலேசியாவிலிருந்து முதல் ஆர்டர். பார்சல் ஆபீஸில் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். சிவகாசி முகவரி, சீசன் நேரம், உள்ளே வெடி இருக்குமோ என்று சந்தேகம். இவர் பொறுமையாகப் பிரித்துக் காட்டி, மறுபடி ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

வரும்போது கையில் புது பேக். "அங்கன போக வேணும்ல" என்றார். தீபாவளி முடிந்து 23ஆம் தேதி பஸ்ஸுக்கு அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டானாம். பேக் நல்லா இருக்கு என்றேன். வேற என்ன சொல்ல?

அக்டோபர் 11, சனி

நான் செத்தேன்.

மத்தியானம் பானுவுக்கு வாய்ஸ் அனுப்பினேன். "எல்லாம் வெட்டி வீறாப்புடி. காலண்டர் ஓடாட்டா போயிட்டுப் போகுது. அந்த மனுசன் இல்லாத வீட்டுல எனக்கு என்ன சோலி? போங்கன்னு நானே சொல்லிட்டேன். இப்ப போகாதீகன்னு சொல்ல வாய் வர மாட்டேங்குது" என்று அழுகையும் மூக்குறிஞ்சலுமாக. அனுப்பிவிட்டுப் பார்க்கிறேன், போனது பானுவுக்கு இல்லை. வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக அனுப்பும் லிஸ்டுக்கு. காலையில் அதில் விளம்பரம் அனுப்பினேன், அது மேலேயே கிடந்திருக்கிறது.

ஒவ்வொருவராக அழிக்கப் பார்த்தேன். அதற்குள் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். விருதுநகர் வத்தல் மண்டி சங்கரலிங்கம் அண்ணாச்சி பதில் போட்டிருந்தார்: "ஏம்மா, நான் எங்கயும் போகலம்மா. மண்டியிலதான் இருக்கேன்."

மானம் போச்சு. அதைவிட, மெசேஜ் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அந்த லிஸ்டில் இவர் நம்பரையும் சேர்த்திருக்கிறேன். இரண்டு நீல டிக். கேட்டுவிட்டார். இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று ராத்திரி வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இன்று காலையில் அட்டையில் தாள்கட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். தலை நிமிராமல் கேட்டார்: "எனக்கு மட்டும் தனியா அனுப்பிருந்தா பத்தாதா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க மட்டும்? மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு பேக் வாங்கிட்டு வந்தீகளே!"

"நீ போங்கன்ன. சரி, நாம பாரமாயிட்டோம் போலன்னு நெனச்சேன்."

இந்த மனுசனா எனக்குப் பாரம்? பசை அப்பிய கையோடு அவர் தோளில் சாய்ந்துவிட்டேன். சட்டை வீணாய்ப் போயிற்று. "ஓடலைன்னா ரெண்டு பேருமா சேர்ந்து யோசிப்போம்" என்றார். பிறகு என் முன்னாலேயே அண்ணனுக்குப் போன் போட்டு, "மச்சான், கோவிச்சுக்கிடாதீக" என்று ஆரம்பித்தார்.

அக்டோபர் 23, வியாழன்

ஃபேஸ்புக்கில் இரண்டு ஆர்டர், இன்ஸ்டாவில் ஒன்று. வாட்ஸ்அப்பில் இன்றைக்கு ஒன்றுமில்லை. அந்த லிஸ்ட் இப்போது இவர் பொறுப்பு. என்னை நம்ப முடியாதாம்.

திருப்பூர் பஸ் கிளம்பியிருக்கும். இவர் அடுக்களையில் காபி போடுகிறேன் என்று போய்ப் பாத்திரத்தையெல்லாம் உருட்டுகிறார். "லட்சுமி, சீனிய எங்கன வச்சிருக்க?" என்று சத்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே அலமாரியில், அதே டப்பாவில்தான் இருக்கிறது. இரண்டாவது தடவையும் கேட்கட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன்.