மடி விடாத செம்மறி

ஜூன் 12, வியாழன்

கொழுத்த ஆடு என்று பக்ரீத்துக்கு வாங்கிய செம்மறியை நம் ஊர்ப்பக்கத்துப் பையன் ரபீக் நம் இட்லிக் கடைக்குப் பின்னால் கட்டிவிட்டுப் போனான். வயிற்றைத் தடவிப் பார்த்துச் சினை என்று சொன்னதே நான்தான். "வயித்துப்புள்ளக்காரிய எப்படிக்கா அறுக்குறது? குட்டி போடுற வரைக்கும் பாத்துக்கங்க. தாய நா ஓட்டிக்கிறேன், குட்டி உங்களுக்கு" என்றான். என் வீட்டுக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

ஜூன் 21, சனி

வலப்பக்கம் கை வைத்தால் குட்டி உதைக்கிறது. பெட்டைக்குட்டி என்றால் விற்கவே மாட்டேன். பிள்ளையில்லாத வீட்டில் அதுவாவது கத்தட்டுமே.

ஜூலை 4, வெள்ளி

நாள் முழுக்க மழை. பிழைக்க வந்த இந்தக் கார்டன் ரீச் தெருவில் முழங்கால் தண்ணீர், இட்லி வாங்க யார் வருவார்கள்? மாவு பொங்கிப் புளித்துவிட்டது. கொட்ட மனசில்லை. பானையோடு ஆட்டுக்கு வைத்தேன். நக்கி நக்கித் தின்றது. தின்னட்டும், ரெண்டு உயிர்.

ஜூலை 5, சனி

காலையிலிருந்து தழை தொடவில்லை. மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிறது. படுக்கிறது, எழுகிறது, பல்லைக் கடிக்கிறது. வலி கண்டுவிட்டது!

"மடியே விடலையே, பால் கட்டலையே, ராமாயி? குட்டி போடுறதுக்கு முன்ன பின்னாடி வர்ற வழும்பு நீரும் காணோம். டாக்டரக் கூப்புடுவோமா?" என்றார் இவர். "ஆடு வளத்த வீட்ல பொறந்தவ நானா, நீங்களா? கிட்டப் போனா மெரளும், சும்மா இருங்க" என்று வாயை அடைத்தேன். சாக்கு விரித்துவிட்டுக் காத்திருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

வலி இல்லையாம். புளித்த மாவாம்.

பவானிபூரிலிருந்து வந்த கால்நடை டாக்டர் கழிச்சல் வாடையைப் பிடித்ததுமே, என்ன கொடுத்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். உப்பியிருந்தது இடப்பக்கம். அது இரைப்பையாம். தாய்க்கு ஊசி போட்டவர், உள்ளே குட்டிக்கு உயிர் இல்லை, நேற்றே கூப்பிட்டிருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்றார். அப்போதே இவர் சொன்னாரே. நான் கேட்டேனா? மடி விடல, வழும்பு வரல, எல்லாந் தெரிஞ்ச எனக்கு அது மட்டும் ஏன் கண்ணுல படல? குட்டி வேணும் வேணும்னு இருந்தேனே, அதான்.

ஜூலை 7, திங்கள்

குட்டி ஈன்றது. இரண்டு. இரண்டும் பெட்டை. மூச்சு இல்லை. தாய் அதுகளை நக்கிக்கொண்டே இருந்தது. இவர் தன் துண்டில் சுற்றி எடுத்துப்போய் ஆற்றோரம் புதைத்துவிட்டு வந்தார். என்னைத் திட்டியாவது இருக்கலாம்.

ஜூலை 9, புதன்

ஆடு தேறிவிட்டது. தழை தின்கிறது. குட்டி ஈன்ற சாக்கை மோந்து மோந்து கத்துகிறது.

ஜூலை 11, வெள்ளி

ரபீக் வந்து ஆட்டை ஓட்டிப் போனான். "உங்க மேல வருத்தம் இல்லக்கா" என்றான். என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவிழ்க்கும்போதுதான் கவனித்தேன், மடி விட்டிருந்தது. தெரு முனை வரைக்கும் பால் சொட்டிக்கொண்டே போனது.

இன்றும் மாவு மிஞ்சியது. சாக்கடையில் ஊற்றினேன்.